கைவேலை என்று எதைச் சொல்கிறோம்?

எங்கள் தெருமுனை வீட்டில் தனியாக வாழ்ந்த முதிய பெண்மணி இறந்து சில மாதங்கள் கழித்து, அவருடைய மகள் ஒரு தலையணை உறைக்குள் சுருட்டி வைத்திருந்த துணியொன்றை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டை விற்பதற்காகக் காலிசெய்யும்போது அலமாரியின் அடித்தட்டில் கிடைத்ததாம். கூடத்துத் தரையில் விரித்துப் பார்த்தோம். கட்டைவிரல் நீளப் பக்கங்கள் கொண்ட அறுகோணத் துண்டுகள். நடுவில் மஞ்சள் துண்டு ஒன்று, அதைச் சுற்றி ஆறு, அதற்கும் வெளியே பன்னிரண்டு. ஆக, 19 துண்டுகள் சேர்ந்தால் ஒரு பூ. அப்படி 56 பூக்கள். பூக்களுக்கிடையே வரப்புபோல வெள்ளைத் துண்டுகள். வெள்ளையை விட்டுவிட்டுப் பூக்களை மட்டும் கணக்கிட்டாலே 1064 துண்டுகள், ஒவ்வொன்றின் ஆறு பக்கங்களும் கையால் இணைக்கப்பட்டவை. அமெரிக்கப் பெண்கள் இந்த வடிவத்தைப் 'பாட்டியின் பூந்தோட்டம்' என்று அழைப்பார்கள். 1930களின் பொருளாதாரப் பெருமந்த ஆண்டுகளில், வீட்டில் கிடந்த சிறு துணித்துண்டுகளையும் வீணாக்காமல் இந்நாட்டுப் பெண்கள் விரும்பித் தைத்த வடிவம் இது.

ஓரத்து அறுகோணங்களில் காகித அச்சுகள் இன்னும் எடுக்கப்படாமல் இருந்தன. அறுகோணமாக வெட்டிய காகிதத்தின்மேல் துணியை மடித்து நூலோட்டி, பக்கத்தோடு பக்கம் சேர்த்துத் தைத்துவிட்டுக் கடைசியில் காகிதத்தை உருவிவிடுவது இதன் முறை. ஒரு காகிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். மளிகைக் கடை விளம்பரத்தின் ஒரு மூலை.

"இதை முடித்துத் தர முடியுமா? என் மகள் ஆகஸ்ட்டில் கல்லூரி விடுதிக்குப் போகிறாள். பாட்டியின் நினைவாக எடுத்துப்போகட்டும்" என்றார் அவர். கையால் தைப்பதா, இயந்திரத்தில் தைப்பதா என்று கேட்டேன். அந்தக் கேள்வியே அவருக்கு விளங்கவில்லை. "படுக்கையில் போட முடிந்தால் போதும்" என்றார்.

அந்தக் கேள்வி விளங்குகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. மாதம் ஒருமுறை கூடும் எங்கள் ஊர்த் தையல் வட்டத்துக்கு இந்தத் துணியை எடுத்துச் சென்றபோது, இயந்திரத்தில் தைக்கப்போகிறேன் என்று சொன்னதும் மேசையைச் சுற்றி ஓர் அமைதி உண்டானது. அங்கே எல்லோரும் மதிக்கும் மூத்த பெண்மணி ஒருவர், துணியின்மேல் வைத்த கையை எடுக்காமல், "ஆயிரம் துண்டுகளைக் கையால் தைத்திருக்கிறாள். அதன்மேல் மோட்டாரை ஓட்டப்போகிறீர்களா? பேசாமல் அப்படியே மடித்து வைத்துவிடுங்கள்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையான வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்துக்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன். அவரிடம் அன்று எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். குவில்ட் என்பதற்கு நம்மிடம் நேரான சொல் இல்லை. போர்வை என்றால் ஒற்றைத் துணி நினைவுக்கு வரும். மெத்தை என்றால் கீழே விரிப்பது. வட இந்தியர்களின் ரஜாய் ஓரளவு பக்கத்தில் வரும். நம்முடைய 'கந்தை'யும் வங்காளத்துக் 'காந்தா'வும் ஒரே வேர்ச்சொல்லின் கிளைகள்தாம் என்றாலும், அங்கே அது பழைய புடவைகளை அடுக்கித் தைக்கும் கலையாக வளர்ந்தது, நம்மிடமோ வறுமையின் அடையாளமாகவே நின்றுவிட்டது. ஆகவே குவில்ட் என்றே வைத்துக்கொள்கிறேன். அது மூன்று அடுக்குகளால் ஆனது. மேலே துண்டுத் துணிகளை இணைத்து உருவாக்கிய முகப்பு, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் முழுத்துணி. இந்த மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையல்தான் அதைக் குவில்ட் ஆக்குகிறது. முகப்பை இணைப்பது ஒரு வேலை, மூன்றடுக்கையும் சேர்த்துத் தைப்பது முற்றிலும் வேறொரு வேலை. இரண்டையும் ஒருவரே செய்யவேண்டும் என்ற கட்டாயம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. முகப்பை ஒரு பெண் குளிர்காலம் முழுக்கத் தனியே இணைப்பாள். அதைச் சட்டத்தில் கட்டித் தைப்பதற்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடுவார்கள். எனக்கு வந்தது முகப்பு மட்டும். சட்டப்படி பார்த்தால் அது இன்னும் குவில்ட் ஆகவில்லை.

அடுக்கின் நடுவே இருக்கும் பஞ்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய குவில்ட்களில் தையல்கள் நெருக்க நெருக்கமாக இருப்பதை அழகுணர்ச்சியின் மிகுதி என்றே பலரும் எண்ணுகிறார்கள். கையால் சிக்கெடுத்துப் பரப்பிய அந்தக் காலத்துப் பஞ்சு, தையல் விலகியிருந்தால் முதல் சலவையிலேயே உருண்டு திரண்டுவிடும். ஆகவே நெருக்கம் முதலில் ஒரு தேவை. இன்றைய பஞ்சு விரிப்புகள் பிடிமானம் கொண்டு வருவதால் ஒரு சாணுக்கு ஒரு தையல் ஓடினாலும் நகராமல் நிற்கின்றன. அழகு என்று நாம் வணங்குகிற பலவற்றின் அடியில் இப்படி ஒரு பஞ்சு இருக்கிறது.

இப்போது வீட்டு இயந்திரத்தில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். 'மோட்டாரை ஓட்டுவது' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இதைச் செய்து பார்த்ததில்லை.

அடித்துணியை நான்கு பக்கமும் நான்கு அங்குலம் கூடுதலாக வெட்டி, தரையில் விறைப்பாக விரித்து நாடாவால் ஒட்டவேண்டும். அதன்மேல் பஞ்சு. அதன்மேல் முகப்பு. பிறகு முழந்தாளிட்டு நடுவிலிருந்து வெளிநோக்கி, ஒரு கைப்பிடி அகலத்துக்கு ஒன்றாக ஊக்குகளைக் குத்திக்கொண்டே போகவேண்டும். எனக்கு நானூறுக்கும் மேற்பட்ட ஊக்குகள் பிடித்தன. அந்த ஒருநாள் வேலையில் முழங்கால் பட்டபாடு தனிக்கதை. பிறகு இயந்திரத்துக்கு வரவேண்டும். சாதாரணத் தையலில் ஊசிக்குக் கீழேயுள்ள சிறு பற்கள் துணியைச் சீராகப் பின்னுக்கு இழுக்கின்றன. தைப்பவர் வழி காட்டினால் போதும். வளைகோடுகளைத் தைக்கும்போது அந்தப் பற்களைக் கீழே இறக்கிவிடுகிறோம். ஊசியின் கீழ்ப் பாதம்கூடத் துணியை அழுத்திப் பிடிக்காத வகையைச் சேர்ந்ததுதான். இனித் துணியை நகர்த்த இரண்டு கைகளைத் தவிர வேறெதுவும் இல்லை. ஊசி நின்ற இடத்திலேயே மேலும் கீழும் இறங்கிக்கொண்டிருக்கும். அசையாத பேனாவின் கீழே தாளை நகர்த்தி எழுதுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் அந்தத் தாள் இரட்டைக் கட்டில் அளவுள்ளது, கனமானது, பாதி மடியிலும் பாதி மேசையிலுமாகச் சரிந்துகொண்டே இருப்பது.

கால் மிதிக்கும் வேகமும் கை நகரும் வேகமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவேண்டும். கை முந்தினால் தையல் நீண்டு பல்லிளிக்கும். கால் முந்தினால் நூல் ஓரிடத்தில் முடிச்சாகக் குவியும். வளைவில் அவசரப்பட்டுத் துணியை இழுத்தால் அடிப்பக்கத்தில் கண்ணிமை மயிர்போல நூல் வளையங்கள் வரிசையாக நிற்கும். அது மேலிருந்து தெரியாது. ஒரு மணி நேரம் தைத்தபின் திருப்பிப் பார்க்கும்போதுதான் தெரியும். பிறகு பிரிக்கவேண்டும். ஒரு மணி நேரத் தையலைப் பிரிக்க ஒரு முழு மாலை ஆகும்.

இந்த முகப்புக்கு நான் தேர்ந்தெடுத்தது மிக எளிய ஒரு வழி. ஒவ்வொரு அறுகோணத்திலும் ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்கு, தையலோரத்தை ஒட்டி மெல்லிய வளைவு. நூலை அறுக்காமல் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போய்க்கொண்டே இருக்கலாம். முடிந்தபின் ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஓர் இதழ்வட்டம் தெரியும். எளிது என்று சொன்னேன். ஒரு பூவின் 19 துண்டுகளுக்கும் 114 வளைவுகள். முதல் பத்துப் பூக்களில் என் கை பழகவே இல்லை. அவற்றைப் போர்வையின் காற்புறமாக வரும்படி தொடங்கியிருக்கலாம், ஆனால் இந்த வேலையை எப்போதும் நடுவிலிருந்துதான் தொடங்கவேண்டும், இல்லையென்றால் துணி நடுவில் கொப்பளித்துவிடும். ஆகவே என்னுடைய மிக மோசமான தையல்கள் எல்லோர் கண்ணும் முதலில் விழுகிற நடுப்பகுதியிலேயே இருக்கின்றன.

இதில் கை எங்கே இல்லை என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த மூத்த பெண்மணியின் மனத்தில் ஒரு வரலாற்றுச் சித்திரம் இருந்தது என்று நினைக்கிறேன். பாட்டிமார்கள் எல்லாவற்றையும் கையால் செய்தார்கள், பிறகு இயந்திரம் வந்து கெடுத்தது என்பது அந்தச் சித்திரம். உண்மை இவ்வளவு நேராக இல்லை. எலியாஸ் ஹோவ் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1846இல். ஐசக் சிங்கரின் காப்புரிமை 1851இல். 1856இல் சிங்கர் நிறுவனம் தவணை முறையில் இயந்திரம் விற்கத் தொடங்கியது, அதன்பின் நடுத்தரக் குடும்பங்களுக்கும் அது எட்டியது. ஓர் ஆண் சட்டையைக் கையால் தைக்கப் பதினான்கு மணி நேரத்துக்கும் மேல் ஆகும், இயந்திரத்தில் ஒன்றேகால் மணி நேரம் போதும் என்று அக்காலத் தையல் இயந்திர நிறுவனமொன்று ஒப்பிட்டுக் காட்டியது. விற்பவர் சொன்ன கணக்கு என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொண்டாலும், ஒரு குடும்பத்தின் அத்தனை உடைகளையும் தைத்தாகவேண்டிய பெண்ணுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அந்தப் பெண்கள் இயந்திரத்தை மறைத்தார்களா? குவில்ட் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் வேறொன்றைக் கவனித்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் செய்யப்பட்ட, விருந்தினருக்கென்று பாதுகாத்த நல்ல குவில்ட்களிலேயே, இயந்திரத் தையல் கண்ணில் படும் இடத்தில், சில நேரங்களில் வேறு நிற நூலில்கூட ஓடுகிறது. எங்கள் வீட்டில் இயந்திரம் இருக்கிறது என்று அது சொன்னது. அவர்களுக்கு அது ஒரு பெருமை. நாம் அவர்கள் சார்பில் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஹாரியட் பவர்ஸை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1837இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். விவிலியக் கதைகளைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்த அவருடைய குவில்ட் 1886இல் ஏதென்ஸ் நகரத்துப் பருத்திக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஜெனி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை அதை விலைக்குக் கேட்டபோது பவர்ஸ் மறுத்துவிட்டார். சில ஆண்டுகளில் பணமுடை வந்தது. 1891இல் பத்து டாலர் கேட்டு, ஐந்து டாலருக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்தின் கதையையும் சொன்னார். ஸ்மித் எழுதி வைத்துக்கொண்டார். பிறகும் பலமுறை ஸ்மித்தின் வீட்டுக்குப் போய்த் தன் குவில்டைப் பார்த்துவிட்டு வந்தாராம். இன்று அது ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் செய்த இன்னொன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடையவை என்று நமக்குக் கிடைத்திருப்பவை இந்த இரண்டே. இரண்டும் கையாலும் இயந்திரத்தாலும் தைக்கப்பட்டவை. அவற்றின் முன்னால் நின்று யாரும் எது எந்தத் தையல் என்று கேட்பதில்லை.

அப்படியானால் கையின் மீதான இந்தப் பக்தி எப்போது வந்தது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குடியேற்றக் காலத்து வாழ்க்கை குறித்த ஓர் ஏக்கம் இந்நாட்டில் பரவியபோது அதன் முதல் அலை வந்தது என்று சொல்லலாம். இரண்டாவது, வலுவான அலை அருங்காட்சியகத்தின் வழியாக வந்தது என்பது என் எண்ணம். 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் ஜொனாதன் ஹோல்ஸ்டீன், கெய்ல் வான் டெர் ஹூஃப் இருவரும் சேகரித்த குவில்ட்களை நவீன ஓவியங்களைப்போலச் சுவரில் மாட்டிக் காட்டியது. அமெரிக்க குவில்ட்களில் அருவ வடிவமைப்பு என்பது தலைப்பின் பொருள். படுக்கையிலிருந்து சுவருக்கு ஏறிய அந்த நாள் முக்கியமானது, மறுக்கவில்லை. ஆனால் சுவருக்கு ஏறியதும் பார்ப்பவரின் கண் மாறிவிட்டது. செய்தவர்களில் பெரும்பாலோருக்குப் பெயரே இல்லாமல் போனது. பட்ரீசியா மைனார்டி 1973இல் எழுதிய கட்டுரையில் இதைக் கடுமையாகக் கேட்டார்: இந்தப் பெண்களை அறியாத கைவினைஞர்கள் என்று ஆக்கியது யார் என்பதே அவர் கேள்வியின் சாரம். செய்தவரின் பெயர் போனபிறகு பொருளுக்கு ஓர் உத்தரவாதம் வேண்டியிருக்கிறது. 'கையால் செய்தது' என்ற முத்திரை அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. அது பெரும்பாலும் வாங்குகிறவரின் முத்திரை.

சேகரிப்பாளர்கள் தேடித்தேடி வாங்கிய லான்காஸ்டர் மாவட்டத்து ஆமிஷ் குவில்ட்கள் இதற்கு நல்ல உதாரணம். மின்சாரத்தை ஒதுக்கி வாழும் அந்த மக்கள் எல்லாவற்றையும் கையால் செய்திருப்பார்கள் என்று வாங்குகிறவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவற்றின் அகன்ற வண்ணப் பட்டைகள் பெரும்பாலும் காலால் மிதிக்கும் இயந்திரத்தில் இணைக்கப்பட்டவை. மூன்றடுக்கையும் சேர்க்கும் தையல்தான் கையால் ஆனது. மிதி இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டாம் அல்லவா! ஆமிஷ் பெண்கள், கடவுள் ஒருவரே குறையற்றவர் என்பதால் வேண்டுமென்றே ஒரு தவறைச் செய்து வைப்பார்கள் என்ற கதையும் உண்டு. அழகான கதை. அதற்குச் சான்று எதுவும் கிடைத்ததில்லை. வேண்டுமென்று தவறு செய்யும் அளவுக்குக் குறையில்லாமல் தைக்கிறவர் யாரையும் நான் இதுவரை சந்தித்ததும் இல்லை.

1989இல் இந்த விவாதம் வெளிப்படையாக வெடித்தது. கென்டக்கி மாநிலத்தின் படூக்கா நகரில் ஆண்டுதோறும் நடக்கும் அமெரிக்க குவில்டர் சங்கத்தின் கண்காட்சியில், காரில் பிரையர் ஃபாலர்ட் செய்த சூரிய கிரகணக் குவில்ட் முதற்பரிசு பெற்றது. அது முழுக்க இயந்திரத்தில் தைக்கப்பட்டது. அங்கே முதற்பரிசு பெற்ற முதல் இயந்திரத் தையல் குவில்ட் அதுதான். கைத்தையல்காரர்களிடையே எழுந்த முணுமுணுப்பு நெடுங்காலம் ஓயவில்லை. பிற்பாடு இரண்டு வகைக்கும் தனித்தனிப் பரிசுகள் என்று ஒரு சமரசம் உண்டாயிற்று. இதைப் படிக்கும் இலக்கிய வாசகர்களுக்குப் பழக்கமான வாசனை ஒன்று இங்கே அடிக்கும். பேனாவால் எழுதினால்தான் எழுத்து, விசைப்பலகையில் தட்டினால் வெறும் தட்டச்சு என்று சண்டையிட்ட காலம் நமக்கும் இருந்தது.

ஆனால் என் மனத்தை முடிவாக மாற்றியது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நடந்த வேறொன்று. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்மித்சோனியன் தன் சேகரிப்பிலுள்ள சில பழைய குவில்ட்களை நகலெடுத்து விற்க ஓர் இறக்குமதி நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. நகல்கள் சீனாவில் தயாராயின. அவற்றில் ஹாரியட் பவர்ஸின் விவிலியக் குவில்டும் ஒன்று. விலை சில நூறு டாலர்கள். 1992இல் அமெரிக்க குவில்டர்கள் கொதித்தெழுந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள், வாஷிங்டனில் போராட்டம் நடத்தினார்கள். அவர்கள் கோபத்தின் நியாயத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த நகல்கள் கையால் தைக்கப்பட்டவை. எங்கோ ஒரு பட்டறையில், யாரென்று தெரியாத பெண்கள், குறைந்த கூலிக்கு, தங்களுக்குத் தொடர்பில்லாத யாக்கோபின் கனவையும் ஆதாமின் தோட்டத்தையும் அளவெடுத்துத் தைத்தார்கள். கைத்தையல் என்ற முத்திரை அவற்றுக்கு நியாயமாகவே பொருந்தும். பவர்ஸ் தன் இயந்திரத்தில் ஓட்டிய தையலுக்கு அந்த முத்திரை பொருந்தாது. எது பவர்ஸுடையது, எது நகல் என்று சொல்ல இந்த முத்திரையால் முடியவில்லை என்றால் அதை வைத்துக்கொண்டு நாம் என்னதான் அளக்கிறோம்?

கையால் தைப்பதில் இழப்பதற்கு ஒன்றுமே இல்லை என்று நான் வாதிடுவதாக யாரும் எண்ணவேண்டாம். கைத்தையல் ஒற்றை நூலில் மேலும் கீழுமாக ஓடுகிறது. இடையிடையே துணி மூச்சுவிடுகிறது. இயந்திரத்தில் மேல்நூலும் அடிநூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்வதால் கோடு இறுகிக் கிடக்கும். கைத்தையல் குவில்ட் உடம்பின்மேல் தண்ணீர்போலச் சரியும், இயந்திரக் குவில்ட் சில சலவைகள் கண்டபிறகுதான் தணியும். இதைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சட்டத்தைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே தைத்ததை இயந்திரம் இல்லாமலாக்கிவிட்டது என்பதும் உண்மை. நான் தைத்த அறையில் மோட்டாரின் இரைச்சல் தவிர வேறெதுவும் இல்லை. என் மகன் கதவைத் தட்டியது பாதி நேரம் காதில் விழவில்லை.

இன்னொரு தடுமாற்றத்தையும் சொல்லவேண்டும். நீண்ட கை கொண்ட பெரிய இயந்திரங்களைக் கணினி இயக்குகிறது. வடிவத்தைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால் இறகுகளும் சுருள்களும் ஒரே அளவில், ஒரு பிசிறில்லாமல் விளிம்பிலிருந்து விளிம்புவரை ஓடும். அங்குலக் கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு செய்து தருகிறார்கள். அப்படிச் செய்துகொள்பவர்களைக் காசோலையால் குவில்ட் தைப்பவர்கள் என்று எங்கள் வட்டத்தில் கேலி செய்வதுண்டு. கையின் இடம் எங்கே என்று நான் மேலே காட்டிய நியாயம் அங்கே நொண்டுகிறது. அதைக் கைவேலை என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. ஆனால் கை நடுக்கம் வந்தபிறகும் தன் பேத்திக்கு முகப்பு இணைத்து, அந்த இயந்திரக்காரரிடம் கொடுத்து முடித்துக்கொள்கிற ஒருவரை எனக்குத் தெரியும். அவரிடம் போய் இதைச் சொல்லவும் நாக்கு எழாது. கோட்டை எங்கே போடுவது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஊசிக்கும் மோட்டாருக்கும் இடையே அதைப் போட முடியாது என்பது மட்டும் தெரியும்.

மடித்து வைத்துவிடுங்கள் என்றாரே, அதைத்தான் நான் நெடுநேரம் யோசித்தேன். அந்தத் துணி ஏற்கெனவே பல பத்தாண்டுகள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மடிப்புகளில் பழுப்பேறியிருந்தது. இரண்டு இடங்களில் இழை விட்டிருந்தது. கையால் தைத்தால் என் வேகத்துக்கு இரண்டு குளிர்காலங்கள் ஆகும், அந்தப் பெண் அதற்குள் கல்லூரியில் பாதியைக் கடந்திருப்பாள். மேலும், கையால் நான் தைத்தால் அது பாட்டியின் கையாக ஆகிவிடாது. என் கைத்தையல் அவருடையதைவிடக் கோணலானது. அவருடைய நேர்த்தியின்மேல் என் கோணலை ஏற்றி அதற்கு மரியாதை என்று பெயர் வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சில குவில்ட்களை, குறிப்பாக நூறாண்டு கடந்த முகப்புகளைத் தொடாமல் விடுவதே சரி என்பதை ஏற்கிறேன். இது அப்படிப்பட்டதன்று. அவர் இதைப் படுக்கைக்காகத்தான் தொடங்கினார் என்பதற்கு அளவே சாட்சி. அருங்காட்சியகத்துக்கு என்றால் யாரும் தலையணையை மூடுவதற்குக் கூடுதல் வரிசை வைத்துத் தைக்கமாட்டார்கள்.

ஒவ்வொரு பூவாகத் தைத்துக்கொண்டு போகையில் அவரை நான் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். இருபது ஆண்டுகள் தெருவில் பார்த்துக் கையசைத்தபோது தெரியாதது. முன்பகுதிப் பூக்களில் தையல் அங்குலத்துக்குப் பதினாறு, பதினெட்டு. நடுவில் எங்கோ கண் மங்கியிருக்கவேண்டும், எட்டாகக் குறைகிறது. கடைசி வரிசையில் ஒரு பூவுக்கு மஞ்சள் தீர்ந்துபோய் வெளிர் ஆரஞ்சை வைத்திருக்கிறார். அதற்குப் பக்கத்துப் பூவில் மஞ்சள் மறுபடி வந்துவிடுகிறது. நடுவே கடைக்குப் போய்வந்திருக்கிறார். அந்த ஆரஞ்சுப் பூவைப் பிரித்து மாற்றவில்லை.

ஓரத்துக் காகிதங்களை உருவி ஓர் உறையில் போட்டு வைத்தேன். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் ஓரம் கட்டி முடித்தேன். ஓரத்தின் உட்பக்கத்தை மட்டும் கையால் தைத்தேன். அது வாதத்துக்காக இல்லை, இயந்திரத்தில் மூலை திரும்பும்போது எனக்கு எப்போதும் பிசகும்.

தையல் வட்டத்தில் அந்த மூத்த பெண்மணி அதை மேசையில் விரித்து, முதலில் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்த்தார். தைக்கத் தெரிந்தவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். நடுப்பகுதியில் விரலை ஓட்டி, "இங்கே உங்களுக்கு நூல் இறுக்கம் சரியில்லை" என்றார். ஆமாம் என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. அவர் மனம் மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

பேத்தி வந்து வாங்கிக்கொண்டாள். காகித உறையையும் கொடுத்தேன். மளிகை விளம்பரத் துண்டுகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, விடுதியில் இதை இயந்திரத்தில் போட்டுத் துவைக்கலாமா என்று கேட்டாள். குளிர்ந்த நீரில், தனியாக, சிவப்புத் துணி எதுவும் சேராமல் என்றேன்.